அலைக் கணக்கில் மதிப்பெண் போகும் இடங்கள்

திசைவேகம் = அதிர்வெண் (விநாடிக்கு எத்தனை அலை) × அலைநீளம் (ஒரு முழு அலையின் நீளம்). இந்தச் சூத்திரம் தெரியாமல் கணக்கை விடுகிற பிள்ளைகள் குறைவு. பத்தாம் வகுப்பு ஒலியியல் விடைத்தாள்களைத் திருத்தும்போது நான் சிவப்பு மையால் சுழிப்பது பெரும்பாலும் அதற்கு முந்தைய வரியைத்தான். எதை எண்ணினோம், எதை எதால் வகுக்கிறோம் என்று பார்க்காமலே எண்களைத் தூக்கிச் சூத்திரத்தில் போட்டுவிடுகிறார்கள்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். நங்கூரம் போட்டு நிற்கும் படகை அலைகள் கடந்து போகின்றன. முதல் முகடு (அலையின் உச்சி) படகைத் தொட்டதிலிருந்து ஐந்தாவது முகடு தொடும் வரை 8 விநாடி. அடுத்தடுத்த இரு முகடுகளுக்கு இடையே 6 மீட்டர். அலையின் திசைவேகம் என்ன?

நிறையப் பேர் 8-ஐ 5-ஆல் வகுத்து, ஓர் அலை கடக்க ஆகும் நேரமான அலைவுக்காலம் 1.6 விநாடி என்பார்கள். பிறகு 6-ஐ 1.6-ஆல் வகுத்து, விநாடிக்கு 3.75 மீட்டர் என்று முடிப்பார்கள். உங்கள் கையை விரித்துப் பாருங்கள். விரல் ஐந்து, இடைவெளி நான்கு. ஒரு முழு அலை என்பது இடைவெளி, விரல் அல்ல. முதல் முகடு தொட்டபோது கடிகாரம் பூஜ்ஜியத்தில் இருந்தது. அப்போது ஓர் அலைகூடக் கடந்து முடியவில்லை. ஆக 8-ஐ 4-ஆல் வகுத்தால் அலைவுக்காலம் 2 விநாடி, திசைவேகம் விநாடிக்கு 3 மீட்டர்.

இதைப் படித்துவிட்டு எல்லாக் கணக்கிலும் ஒன்றைக் கழித்துவிடாதீர்கள். ‘ஒரு நிமிடத்தில் 30 அலைகள் கடந்தன’ என்று கேள்வியே சொன்னால் 30 என்பது 30தான். முகடுகளை எண்ணச் சொல்கிறார்களா, அலைகளையா என்று பார்க்க வேண்டும். முகட்டிலிருந்து பக்கத்து அகடு (அலையின் பள்ளம்) வரை தூரம் தந்திருந்தால் அது அலைநீளத்தில் பாதி என்பதும் இங்கேயே நினைவில் இருக்கட்டும்.

அடுத்தது, தலைகீழாக வகுப்பது. 5 விநாடியில் 20 அலைவுகள் என்றால் அதிர்வெண் 4 ஹெர்ட்ஸ், அலைவுக்காலம் 0.25 விநாடி. இரண்டும் இடம் மாறிவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரே கேள்வி போதும்: 5 விநாடிக்குள் 20 முறை ஆடுகிற ஒன்றுக்கு, ஒருமுறை ஆட 4 விநாடி ஆகுமா?

வரைபடம் கொடுத்தால் முதலில் கிடை அச்சைப் படியுங்கள். அங்கே மீட்டர் இருந்தால் முகட்டுக்கு முகடு உள்ள இடைவெளி அலைநீளம். விநாடி இருந்தால் அதே இடைவெளி அலைவுக்காலம். வளைவு இரண்டிலும் ஒரே மாதிரிதான் தெரியும், அதனால்தான் இவ்வளவு பேர் ஏமாறுகிறார்கள்.

அலகில் கவனம் தவறினால் விடை எங்கோ போய்விடும். சென்னை வானொலியின் பண்பலை ஒன்று 101.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகிறது. ரேடியோ அலை ஒளியின் வேகத்தில், விநாடிக்கு சுமார் 30 கோடி மீட்டர் போகிறது. மெகா என்றால் பத்து லட்சம் என்பதை மறந்து 101.4-ஆல் வகுத்தால் அலைநீளம் ஏறக்குறைய 2,958 கிலோமீட்டர் என்று வரும். இந்தியாவின் தெற்கு வடக்கு நீளமே 3,214 கிலோமீட்டர்தான்! சரியான விடை சுமார் 2.96 மீட்டர். வானொலி என்றதும் ஒலியின் வேகமான 340-ஐப் போடுகிறவர்களும் உண்டு. காற்றில் வருவது ரேடியோ அலை. அது ஒலியாக மாறுவது நம் வீட்டுப் பெட்டிக்குள்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இன்னொன்று: அதிர்வெண் கூடினால் வேகமும் கூடும் என்ற நினைப்பு. சூத்திரத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஒலியின் வேகத்தை முடிவு செய்வது ஊடகம், அதாவது ஒலி கடந்து போகும் பொருள். சாமி ஊர்வலம் இரண்டு தெரு தள்ளி வருகிறது. நாகஸ்வரத்தின் உச்சஸ்தாயி முந்தி வந்து, தவிலின் தொப்பிப் பக்கத்துத் தாழ்ந்த சத்தம் பிந்தி வந்தால் தாளமே குலைந்திருக்கும். அப்படி நடப்பதில்லை. தூரத்திலிருந்து கேட்டாலும் ஸ்வரமும் அடியும் சேர்ந்தேதான் வருகின்றன. காற்றில் ஒலியின் வேகம் எல்லாச் சுருதிக்கும் ஒன்று. அதிர்வெண் இரண்டு மடங்கானால் அலைநீளம் பாதியாகும், அவ்வளவுதான்.

ஊடகம் மாறினால் கதை வேறு. 440 ஹெர்ட்ஸ் ஒலி காற்றிலிருந்து தண்ணீருக்குள் போகிறது. 20 டிகிரி செல்சியஸில் காற்றில் வேகம் விநாடிக்கு 343 மீட்டர், தண்ணீரில் சுமார் 1,480. அலைநீளம் 0.78 மீட்டரிலிருந்து சுமார் 3.36 மீட்டராக நீளும். அதிர்வெண் மட்டும் 440தான், ஏனென்றால் மேலே காற்று எத்தனை முறை அழுத்துகிறதோ அத்தனை முறைதான் தண்ணீரின் பரப்பு அசைய முடியும்.

அப்புறம் எதிரொலி. கை தட்டி 2 விநாடி கழித்துக் கேட்கிறது, ஒலியின் வேகம் 340 என்றால், பாறை 680 மீட்டரில் இல்லை. ஒலி போய்த் திரும்பியிருக்கிறது. பாறை 340 மீட்டரில்.