செயினுக்கு மாலையில் ஆயில் விடுங்கள்
பைக் செயினுக்கு ஆயில் விடுவதைக் காலையில் கிளம்பும் அவசரத்தில் செய்ய வேண்டாம். மாலையில் வண்டியை நிறுத்தியதும் செய்யுங்கள். செயின் லேசாகச் சூடாக இருந்தால் ஆயில் இடுக்குகளில் நன்றாக இறங்கும். இரவு முழுக்க ஊறவும் செய்யும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில், பின்சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே 90 கிரேடு கியர் ஆயிலைச் செயினின் உள்பக்கம் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஓடும் வேகத்தில் அது தானாகவே வெளிப்பக்கம் பரவிவிடும். அப்புறம் வழிவதைப் பழைய துணியால் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புழுதி ஒட்டிக் கறுப்புப் பசையாகி, ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) பல்லைத் தேய்க்கும், ரிம்மிலும் தெறிக்கும். சிலர் இன்ஜினை ஓடவிட்டு, கியரும் போட்டுத் துடைப்பார்கள். விரல் போய்விடும், சாமி! இணைப்புகளில் சின்ன ரப்பர் வளையம் வைத்த ஓ-ரிங் செயின் என்றால் பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் ஆகவே ஆகாது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.