ஒருவரிடம், குழுவில், கிராம சபையில்: ஒரே விஷயத்தை மூன்று இடங்களில் பேசுவது எப்படி?

நீலகிரியில் மேட்டுத் தெருவில் குடியிருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் பழக்கமானது. தண்ணீர் திறந்துவிட்டதும் கீழ்த் தெருக் குழாய்களில் கொட்டும்; மேலே வெறும் காற்று வரும். கீழே எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் மேட்டுக்கு ஏற அழுத்தம் மிஞ்சாது. இதைச் சரிசெய்ய மூன்று இடங்களில் பேசியாக வேண்டும்: தண்ணீர் திறந்துவிடுபவரிடம் தனியாக, மகளிர் குழுவில் பதினைந்து பேர் நடுவில், கிராம சபையில் இருநூறு பேர் முன்னால். இந்தத் தண்ணீர் விஷயத்தையே எடுத்துக்காட்டாக வைத்து, மூன்று இடத்திலும் எப்படிப் பேசுவது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு அடிப்படை. 1948-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் தகவல் தொடர்புக்கு ஒரு மாதிரி வகுத்தார். அனுப்புபவர், வழித்தடம், இரைச்சல், பெறுபவர் எல்லாம் அதில் உண்டு. தொலைபேசி, தந்தி போன்றவற்றுக்காக வகுத்ததால், கேட்பவர் திருப்பிச் சொல்லும் வழியை அது பெரிதாகக் கணக்கில் எடுக்கவில்லை. 1954-இல் தகவல் தொடர்பு ஆய்வாளர் வில்பர் ஷ்ராம் அந்த இடத்தை நிரப்பினார்: கேட்பவரும் பதில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார், அந்தப் பதிலைப் பார்த்துத்தான் பேசுபவர் தன் பேச்சைத் திருத்துகிறார்.

மூன்று இடங்களுக்கும் உள்ள வேறுபாடு இந்தப் பதில் திரும்பி வரும் வேகம்தான். தனியாகப் பேசும்போது எதிரில் இருப்பவரின் முகமே உடனே பதில் சொல்லிவிடும். குழுவில் வாய் திறப்பவர்களின் பதில் மட்டும் வரும். பொதுக்கூட்டத்தில் நீங்கள் உட்கார்ந்த பிறகுதான் வரும், சில சமயம் வரவே வராது. பதில் எவ்வளவு தாமதமாகிறதோ அவ்வளவுக்கு முன்தயாரிப்பு கூட வேண்டும்.

படி 1: கேட்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

“தண்ணிப் பிரச்சினையைத் தீர்க்கணும்” என்றால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்: “மேட்டுத் தெரு 22 வீடுகளுக்கு வாரம் இரண்டு நாள் காலை 6 முதல் 7 வரை தனியாகத் தண்ணீர் விட வேண்டும், அதற்காகக் கீழ்த் தெரு லைனில் ஒரு கேட் வால்வு பொருத்த வேண்டும்.” யாருக்கு, என்ன, எப்போது என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. விஷயம் தெரியாத ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் மறுகேள்வி கேட்டால் வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று பொருள்.

கூடவே, 14 நாள் குறிப்பு எடுங்கள். தேதி, திறந்த நேரம், மேட்டுக்கு ஏறிய நேரம், வீட்டுக்குக் கிடைத்த குடங்கள். குடம் எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று ஒருமுறை அளந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் “எந்தக் குடம்?” என்ற கேள்வியிலேயே பேச்சு நின்றுவிடும்.

படி 2: தனியாக ஒருவரிடம்

வால்வடியில் நாலு பேர் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போது போகாதீர்கள். அப்போது அவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பேசுவார். வேலை முடிந்து ஓய்வாக இருக்கும் நேரம் கேட்டுப் போங்கள்.

எங்கே நிற்கிறோம் என்பதும் பேச்சின் ஒரு பகுதி. மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1966-இல் வெளியிட்ட அளவுகளின்படி நெருங்கிப் பழகியவர்கள் 45 செ.மீ. முதல் 1.2 மீட்டர் வரையிலும், வேலை விஷயமாகப் பேசுபவர்கள் 1.2 முதல் 3.6 மீட்டர் வரையிலும் இடைவெளி விடுகிறார்கள். அது அமெரிக்கர்களைப் பார்த்து எழுதியது. ஊருக்கு ஊர் மாறும் என்று அவரே சொன்னார். நம் ஊரில் ஒன்றரைக் கை தூரம் பொருத்தமாக இருக்கும். மலையில் இன்னொன்றும் உண்டு: சரிவில் மேல்பக்கம் நின்றுகொண்டு குனிந்து பேசாதீர்கள், அவர் நிற்கும் மட்டத்துக்கு இறங்கி வாருங்கள். வாயை மூடிய மஃப்ளரையும் இறக்கிவிடுங்கள். குளிருக்கு இதமாக இருந்தாலும், அது குரலை மழுக்கி முகத்தில் பாதியை மறைக்கிறது.

பேச்சை மூன்று துண்டாகப் பிரியுங்கள்: கண்டது, அதன் விளைவு, ஒரு கேள்வி.

“அண்ணா, திங்கக்கிழமை ஆறு மணிக்குத் தண்ணி திறந்தீங்க. எங்க தெருவுக்கு ஏழரை வரைக்கும் ஏறவே இல்லைங்க. எங்க தடைபடுதுன்னு உங்களுக்குத்தான் தெரியும், கொஞ்சம் சொல்லுங்க.”

“வேணும்னேதான் எங்க தெருவுக்கு விடமாட்டேங்கறீங்க” என்று தொடங்கினால் என்ன ஆகும்? அவர் மனதில் என்ன இருக்கிறது என்பதை நீங்கள் பார்த்ததில்லை. பார்க்காததைச் சொன்னதும் பேச்சு தண்ணீரை விட்டு அவருடைய நேர்மைக்குத் தாவிவிடும்.

கேள்வி கேட்டபின் வாயை மூடி, மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். தொடங்குபவர்களுக்கு இதுதான் மிகக் கடினம். மௌனம் பொறுக்காமல் நாமே பதிலையும் சொல்லிவிடுவோம். அவருக்குத் தெரிந்த உண்மைக் காரணம் அவரோடே போய்விடும். அவர் சொன்னபின் உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள்: “அப்போ கீழ் லைன்ல வால்வு இல்லாததாலதான் பிரிச்சு விட முடியலை. சரிதானுங்களா அண்ணா?” அவர் திருத்தினால் நல்லது. நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டது இங்கேயே தெரிந்துவிட்டது, கிராம சபை வரை போகவில்லை.

போனில் பேசுவதாக இருந்தால், சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில் நேரத்தை மட்டும் இரண்டு முறை சொல்லி, அவரையும் திருப்பிச் சொல்ல வையுங்கள். ‘ஏழு’வும் ‘ஏழரை’யும் ஒரே மாதிரித் தொடங்கும், அறுபடுவது சொல்லின் பின்பாதி.

இந்த இடத்தில் ஒரு தவறான நம்பிக்கையையும் களைய வேண்டும். பேச்சில் சொல்லுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, முகத்துக்கும் உடலுக்கும் 55 என்று பயிற்சி வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட சோதனைகளிலிருந்து எடுத்த எண்கள் இவை. பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்ற உணர்வைச் சொல்லும்போது சொல்லும் குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் எதை நம்புகிறோம் என்பதைத்தான் அவர் பார்த்தார். “எனக்குக் கோவமே இல்லை” என்று கடுகடுத்துச் சொன்னால் முகத்தைத்தான் நம்புவோம், சரி. ஆனால் “22 வீடு, காலை ஆறு மணி” என்பதை எந்த முகபாவமும் சொல்லித் தராது. சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் செலவிடும் நேரம் வீணாகாது.

படி 3: குழுவில்

சுய உதவிக் குழுவில் பொதுவாக 12 முதல் 20 பேர் இருப்பார்கள். அதில் மூன்று நான்கு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வதுதான் குழுப் பேச்சில் நடக்கும் பெரிய பிழை.

கூட்டத்துக்கு முன்பே ஒருவரிடம் பேசி வையுங்கள். உளவியலாளர் சாலமன் ஆஷ் 1951-இல் வெளியிட்ட சோதனையில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்னபோது சுற்றியிருந்த அனைவரும் வேண்டுமென்றே தவறாகச் சொன்னார்கள். சோதிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை, கண்ணால் கண்டதை விட்டுக் கூட்டத்தோடு போனார்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னதும் அது வெகுவாகக் குறைந்தது. குழுவில் மேட்டுத் தெருக்காரர் நீங்கள் ஒருவர்தான் என்றால், முதல் வேலை உங்களுக்கு அடுத்துப் பேச ஒருவரைத் தயார்செய்வது. அவர் கீழ்த் தெருவைச் சேர்ந்தவராக இருந்தால் இன்னும் நல்லது.

வட்டமாக உட்காருங்கள். இரண்டாம் வரிசை என்று ஒன்று உருவானாலே அதில் இருப்பவர்கள் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள். பிறகு ஆளுக்கு ஒரு நிமிடம். 15 பேருக்கு 15 நிமிடம்தான் ஆகும். தலைவி கடைசியில் பேச வேண்டும். அவர் முதலில் கருத்துச் சொன்னால் அடுத்து வருபவர்கள் அதை ஒட்டியே பேசுவார்கள்.

நம் மாவட்டத்தில் மொழியையும் கவனிக்க வேண்டும். கோத்தகிரிப் பக்கம் படகமும் தமிழும், கூடலூர், பந்தலூரில் மலையாளமும் பணியர் மொழியும் தமிழோடு கலந்திருக்கும். ஒருவருக்கு வீட்டு மொழியில்தான் சரளமாக வரும் என்றால் அதிலேயே பேசட்டும். பக்கத்தில் இருப்பவர் வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்லட்டும். இதற்கு இரட்டிப்பு நேரம் பிடிக்கும், அதை முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள். வீட்டு மொழியில் பேசுபவரைப் பார்த்து “சுருக்கமா சொல்லுங்க” என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்த கூட்டத்தில் அவர் வாயே திறக்க மாட்டார்.

மறுப்பு வரும். “உங்களுக்குத் தனியா விட்டா எங்களுக்குக் குறைஞ்சிடுமே” என்று கீழ்த் தெரு அக்கா கேட்பார். உடனே பதில் சொல்லாதீர்கள். “இப்போ வர்ற அளவு குறைஞ்சிடுமோன்னு பயப்படறீங்க, அப்படித்தானுங்களே அக்கா?” என்று அவர் கவலையை முதலில் நீங்கள் சொல்லுங்கள். அவர் ஆமாம் என்றபின் குறிப்பை எடுத்துக் காட்டுங்கள்: வாரம் இரண்டு மணி நேரம்தான் கேட்கிறோம், மற்ற நாள்களில் மாற்றமில்லை. தன் கவலை புரிந்துகொள்ளப்பட்டது என்று தெரிந்தவரின் காதில்தான் கணக்கு ஏறும்.

முடிவெடுக்கும்போது “எல்லாருக்கும் சம்மதம்தானே?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு வரும் அமைதிக்கு எந்தப் பொருளும் இல்லை. “இதுல எது சிக்கலாகும்னு நினைக்கிறீங்க?” என்று கேளுங்கள். பிறகு தீர்மான நோட்டில் என்ன, யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதி, கையெழுத்துக்கு முன் உரக்கப் படியுங்கள்.

படி 4: கிராம சபையில்

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் கிராம சபை நாள்கள். 3,001 முதல் 10,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் குறைந்தது 200 பேர் இருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் 300. அத்தனை பேர் முன்னால் பேசப்போகிறீர்கள் என்று நினைத்துத் தயாராகுங்கள். தண்ணீர் திறந்துவிடுபவரிடம் என்ன பேசப்போகிறீர்கள் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். மேடையில்தான் முதன்முறையாகக் கேட்டார் என்றால் படி 2-இல் சேர்த்தது எல்லாம் போய்விடும்.

மூன்று நிமிடத்துக்குத் தயார்செய்யுங்கள். நிமிடத்துக்கு 80 முதல் 90 சொற்கள் போதும், ஆக 250 சொற்கள். முதல் 20 விநாடியில் நீங்கள் யார், என்ன கேட்கிறீர்கள். அடுத்த ஒரு நிமிடம் 14 நாள் குறிப்பு. பிறகு காரணம். கடைசி 40 விநாடி, கேட்பதை மறுபடியும், தீர்மானத்தில் எழுத வேண்டிய சொற்களிலேயே. காதால் கேட்பவர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது, அதனால் இரண்டு முறை சொல்வது அவசியம். எண்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம். மீதியை மனுவில் எழுதுங்கள்.

மேடையில் இருப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் பட்டம் சொல்லி வணங்கத் தொடங்கினால் ஒரு நிமிடம் போய்விடும். “தலைவருக்கும், அலுவலர்களுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும் வணக்கம்” என்றால் மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு வரி விட்டுப்போனால் அடுத்ததும் வராது. முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனதில் ஏற்றி, நடுவில் உள்ளதை ஐந்து குறிப்புகளாகப் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளைப் பரீட்சை அட்டையில் செருகிப் பிடியுங்கள். கை நடுங்கினால் வெறும் தாள் படபடக்கும், அதைப் பார்த்து உங்கள் பதற்றம் இன்னும் ஏறும், அட்டை அசையாது. எழுந்து நின்று, போனில் நேரம் வைத்து, மூன்று முறையாவது வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள். அதில் ஒருமுறை பத்து மீட்டர் தள்ளி ஒருவரை நிறுத்தி, கடைசிச் சொல் வரை கேட்கிறதா என்று பாருங்கள். தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். மூச்சு தீர்ந்து குரல் இறங்குவதும் அங்கேதான். “விட வேண்டும்” என்றீர்களா, “விடவில்லை” என்றீர்களா என்பது பின்வரிசைக்குத் தெரியாமல் போகும்.

பேசும் முன் இரண்டு காலையும் ஊன்றி நின்று, இழுத்ததைவிட நீளமாக மூச்சை விடுங்கள். குளிரில் தொண்டை இறுகும், வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு வாய் குடியுங்கள். மைக் வாயிலிருந்து 10 முதல் 15 செ.மீ. தள்ளி இருக்கட்டும். தட்டியோ ஊதியோ பார்க்க வேண்டாம். ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் நிற்காதீர்கள். பெட்டியின் சத்தமே மைக்குக்குள் மறுபடி போவதால்தான் அந்தக் கூச்சல் எழுகிறது.

மழைக்கும் ஒரு வழி யோசித்து வையுங்கள். ஆகஸ்ட் 15-இல் கூடலூர், பந்தலூரில் தென்மேற்குப் பருவமழை இருக்கும். நவம்பர் 1-இல் குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை. தகரக் கூரையில் மழை விழுந்தால் மைக் இல்லாத குரல் மூன்றாம் வரிசையைத் தாண்டாது. கத்தினால் உயிரோசைதான் பெருகும்; சொல்லைச் சொல்லாக்கும் மெய்யோசைகள் அப்படியே மழையில் கரைந்துவிடும். நிறுத்துங்கள். மழை சற்றுக் குறையும் வரை காத்திருங்கள். குறையவில்லை என்றால் படி 1-இல் எழுதிய அந்த ஒரே வாக்கியத்தை மட்டும் நிதானமாக இரண்டு முறை சொல்லி, மனுவைக் கொடுத்துவிடுங்கள்.

பொதுக்கூட்டத்தில் பதில் தானாக வராது என்பதால் அதை நீங்களே வரவழைக்க வேண்டும். “மேட்டுத் தெருக்காரங்க கொஞ்சம் கையைத் தூக்குங்க” என்று கேளுங்கள். மேடையில் இருப்பவர்கள் கண்ணால் பார்ப்பார்கள், பதற்றத்தில் இருக்கும் உங்களுக்கும் ஆதரவு தெரியும். நடுவில் யாராவது குரல் எழுப்பினால் ஒரே வாக்கியத்தில் மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டு உங்கள் கோரிக்கைக்குத் திரும்புங்கள். அவரோடு இரண்டாவது சுற்றுக்குப் போனால் உங்கள் மூன்று நிமிடமும் அவருடையதாகிவிடும்.

பேசி உட்கார்ந்ததோடு வேலை முடியவில்லை. மனு இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றைக் கொடுத்து, மற்றதில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். தீர்மானப் பதிவேட்டில் உங்கள் கோரிக்கை எந்தச் சொற்களில் ஏறியிருக்கிறது என்று, கூட்டம் கலைவதற்கு முன்பே தலைவரையோ தனி அலுவலரையோ செயலரையோ படித்துக் காட்டச் சொல்லுங்கள். “குடிநீர்ப் பிரச்சினை குறித்து விவாதிக்கப்பட்டது” என்று இருந்தால், கேட் வால்வு, 22 வீடு, நாள், நேரம் எல்லாம் சேரும்படி திருத்தக் கேளுங்கள். தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஊராட்சி அலுவலகத்துக்குப் போகும்போது அந்த எண்ணைச் சொல்லியே பேச்சைத் தொடங்கலாம்.