சோலைவரிச் சிட்டையோடு சபையில் சேவை கேட்பது எப்படி

இலங்கையில் வீட்டுக்கும் கடைக்கும் பிரதேச சபைக்குக் கட்டுகிற ஆதனவரி, எங்கள் வாயில் சோலைவரி. அந்தப் பேச்சை எடுத்தாலே ஊரில் இரண்டு விதமான ஆட்கள் கிளம்புவார்கள். ஒருவர் "றோட்டும் இல்லை, லைற்றும் இல்லை, பிறகு என்னத்துக்கு வரி?" என்பார். மற்றவர் சபையில் வேலை செய்கிறவர், "வரி கட்டாத சனத்துக்கு என்னத்தைச் செய்யிறது?" என்பார். இரண்டு பேருமே ஒரு கணக்குத் தாளைக் கையில் எடுத்திருக்க மாட்டார்கள்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்தச் சிட்டை என்று பாருங்கள். கமநல சேவை நிலையத்தில் வயலுக்குக் கட்டும் ஏக்கர் வரி வேறு, வீட்டுக்கும் கடைக்கும் பிரதேச சபையில் கட்டும் ஆதனவரி வேறு. ஆதனவரி வீட்டின் விற்பனை விலையில் போடுவதல்ல. அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஒரு வருடத்துக்கு எவ்வளவு வரும் என்று விலைமதிப்புத் திணைக்களம் கணிக்கிற வருடாந்தப் பெறுமதி இருக்கிறதே, அதில் ஒரு வீதம். அதனால்தான், யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் வந்த கிளிநொச்சி அறிவியல் நகர் மாதிரி அறை தேடி ஆட்கள் வருகிற இடங்களில், நீங்கள் ஒரு கல்லும் புதிதாக வைக்காவிட்டாலும் அடுத்த மதிப்பீட்டில் பெறுமதி ஏறலாம்.

பெறுமதி 30,000 ரூபா, சபை விதித்தது 6 வீதம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,800, காலாண்டுக்கு 450. முழுவதையும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதம் கழிவு, 1,620 உடன் முடிந்தது. காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம் கழிவு.

பெறுமதி கூடிப்போனதாகத் தெரிந்தால், அறிவித்தலில் போட்டிருக்கும் திகதிக்குள் எழுத்தில் ஆட்சேபனை கொடுங்கள். அக்கம்பக்கத்து வாடகை என்ன, உங்கள் வீட்டில் எத்தனை அறை பூசாமல் கிடக்கிறது என்று படத்தோடு எழுதுங்கள். எங்கள் வளவில் மாரி வெள்ளத்தோடு விழுந்துபோன கொட்டில் ஒன்று மதிப்பீட்டில் கட்டடமாகவே நின்றது. வாயால் போய்ச் சொன்னேன், தலையாட்டினார்கள், அடுத்த வருடமும் கொட்டில் உயிரோடு இருந்தது. எழுதிக் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கிய பிறகுதான் அது உண்மையில் விழுந்தது.

அடுத்தது, கேட்கிற சேவை சபையின் தலையில்தான் இருக்கிறதா என்று பார்ப்பது. ஏ9, பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ35 எல்லாம் வீதி அபிவிருத்தி அதிகாரசபை. குழாய்த் தண்ணீர் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வேறு கணக்கு. உள் ஒழுங்கை, தெருவிளக்கு, குப்பை, சந்தை, நூலகம், மயானம் இவைதான் பிரதேச சபைக்கு. தவறான வாசலில் ஒரு வருடம் நின்றவன் சொல்கிறேன், இதை முதலே பார்த்துவிடுங்கள்.

இனி உண்மையான வேலை. 2016 இன் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் உத்தியோகத்தருக்கு, தமிழிலேயே, ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். உங்கள் வட்டாரத்தில் எத்தனை ஆதனங்கள் பதிவில் இருக்கின்றன, போன வருடம் வரவேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு, அதே வட்டாரத்தில் செலவழித்தது எவ்வளவு. இந்த நாலும் போதும், அதற்கு மேல் கேட்டால் முழுக் கோவையையும் தேடப் போய்த் தாமதமாகும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்ல வேண்டும்.

பதில் வந்ததும் கணக்குப் போடுங்கள். 200 வீடு, மேலே சொன்ன 1,800 படி என்றால் வருடத்துக்கு 3,60,000, மாதத்துக்கு 30,000 ரூபா. டீசல் லீற்றர் 300 ரூபா என்று பிடித்தால் அது 100 லீற்றர். குப்பை எடுக்கும் உழவு இயந்திரம் கிழமைக்கு இரண்டு தரம் வருவதற்குக் காணும் போலிருக்கும். அதே காசில் கிரவல் ஒழுங்கையைத் தார் வீதியாக்கு என்று கேட்டால் நடக்காது. பாதி வீடு நிலுவையில் என்றால் உழவு இயந்திரமும் ஒரு தரம்தான். சபைக்கு வியாபார அனுமதிக் கட்டணம், சந்தைக் குத்தகை, காணி கைமாறும்போது வருகிற முத்திரைத் தீர்வை என்று வேறு வரவுகளும் உண்டு. ஆனால் உங்கள் ஒழுங்கையின் பெயரில் நீங்கள் காட்டக்கூடிய காசு இந்தச் சோலைவரிதான்.

ஊர் வளரும்போது இன்னொரு சிக்கல் வரும். 1987 இன் 15 ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டப்படி, கட்டடம் நெருங்கிய இடம் என்று பிரகடனம் செய்த எல்லைக்குள்தான் இந்த வரி. எல்லை பழையதாக இருக்கும், வீடுகள் அதைத் தாண்டிக் காட்டுக்கரை வரை போயிருக்கும். அங்கேயும் விளக்கும் குப்பை வண்டியும் கேட்பார்கள், அதற்கான காசு உள்ளே இருக்கிறவரின் சிட்டையிலிருந்து போகும். சபை வீதத்தைக் கூட்டப் பார்த்தால், முதலில் நிலுவையை அறவிடுங்கள், பிறகு எல்லையை அகட்டுங்கள், வீதம் கடைசியில் என்று சொல்லுங்கள் என்பது என் கட்சி. ஆனால் எல்லையை அகட்டுகிற அன்றே அங்கே நாலு தெருவிளக்காவது எரிய வேண்டும். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர்கள் வாய்க்கால் துப்புரவுக்கு முகம் சுளிக்காமல் காசு கொடுப்பது, அந்தத் தண்ணீர் வரம்புக்கு வருவதைக் கண்ணால் காண்பதால்தான்.

இந்தக் கணக்கோடு சேவை கேட்கிற கடிதத்தை எப்போது கொடுப்பது? சபையின் கணக்கு வருடம் ஜனவரியில் தொடங்குகிறது. பாதீட்டை நிறைவேற்றுவதற்கு முன் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள், அதற்கும் முன்னமே, ஒக்டோபரில், வட்டார உறுப்பினரைப் பிடியுங்கள். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து 2025 மே தேர்தல் வரை செயலாளரோடு மட்டும்தான் பேச முடிந்தது, இப்போது வாக்குக் கேட்டு வந்த ஆள் ஒருவர் இருக்கிறார். கோரிக்கை ஒன்றுதான் இருக்க வேண்டும், அதன் செலவும் அதே தாளில் இருக்க வேண்டும்.

கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் நாலைந்து பேராகப் போங்கள். நிலுவை வைத்திருப்பவரை மட்டும் முன்னுக்கு விடாதீர்கள், பெயரைச் சொன்னதும் அங்கே முதலில் புரட்டுவது வரிப் பதிவேட்டைத்தான்.