ஒரே பானை, இரண்டு தட்டு: வீட்டுச் சமையலில் பொட்டாசியத்தைக் கூட்டவும் குறைக்கவும்

வீட்டில் ஒருவருக்கு பிபி, இன்னொருவருக்குக் கிட்னி கோளாறு. முதலாமவரைக் கீரை, பருப்பு, இளநீர் நிறையச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார் டாக்டர். இரண்டாமவரை அதே மூன்றிலும் கையை அடக்கச் சொல்கிறார். இரண்டுமே சரிதான். பொட்டாசியம் கூடினால் நல்ல சிறுநீரகம் சோடியத்தை அதிகமாக வெளியே தள்ளும். ரத்த அழுத்தம் இறங்கும். பெரியவர்களுக்கு நாளைக்குக் குறைந்தது 3,510 மி.கி. பொட்டாசியம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் அன்றாடம் மிஞ்சும் பொட்டாசியத்தில் சுமார் 90 சதவீதம் சிறுநீர் வழியாகத்தான் போகிறது. அந்த வழி அடைபட்டால் ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பைக் கெடுக்கும்.

ஆகவே முதல் வேலை ரிப்போர்ட்டைப் பார்ப்பது. ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கலாம். கூடவே, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினையும் பாருங்கள். கிட்னி கோளாறு என்பதற்காகவே பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டியதில்லை; அளவு 5-க்குள் நிற்கிறது என்றால் காய்கறியை வெட்டுவது வீண். ஏறியிருந்தால், உணவில் நாளைக்கு 2,000 முதல் 3,000 மி.கி.க்குள் நிறுத்தச் சொல்வது வழக்கம். சரியான எண்ணை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி சமையல். பெங்களூரில் இரண்டு தலைமுறை இருந்த தமிழ் வீடுகளில் பஸ்ஸாரு வைக்கத் தெரியாதவர்கள் குறைவு. பருப்பையும் கீரையையும் வேகவைத்து, வடித்த தண்ணீரில் ரசம் போன்ற சாறு, மிச்சத்தில் பல்யா, அதாவது பொரியல். பொட்டாசியம் தண்ணீரில் கரைவது; வெப்பத்தில் அழியாது. எனவே ஒரு பானையில் இரண்டு பேருக்கும் வேண்டியது தனித்தனியாகப் பிரிந்து வந்துவிடுகிறது. இதற்காகவே யாரோ கண்டுபிடித்தது போல.

நான்கு பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பும் 250 கிராம் தண்டுக்கீரையும் போதும். பச்சைப் பருப்பில் சுமார் 1,400 மி.கி., கீரையில் 1,500 மி.கி. இருக்கும். பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீரில், திறந்த பாத்திரத்தில், உப்புப் போடாமல் வேகவையுங்கள். பருப்பு விரலில் நசுங்க வேண்டும், ஆனால் கரையக் கூடாது. அப்போது பொடியாக நறுக்கிய கீரையைப் போட்டு ஏழெட்டு நிமிடம் கொதிக்கவிட்டு, வடிதட்டில் கொட்டி, கரண்டியால் அழுத்திப் பத்து நிமிடம் சொட்டவிடுங்கள். நறுக்கிய அளவையும் தண்ணீரையும் பொறுத்து, மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்கு மேல் வரை பொட்டாசியம் தண்ணீருக்குப் போய்விடும். பிபிக்காரருக்குச் சாறு, கிட்னிக்காரருக்கு பல்யா. கிட்னிக்காரரின் சோற்றுக்குச் சாற்றை ஊற்றிவிட்டால் செய்த வேலை அத்தனையும் பாழ். அவருக்குப் பருப்புத் தண்ணீர் விடாத மிளகு ரசம் போதும். சாற்றில் உப்பு தாராளமாக விழுந்தால் பிபிக்காரருக்கும் பலன் இல்லை.

இதையே குக்கரில் செய்தால் நடக்காது. தண்ணீர் குறைவு, பருப்பு குழைந்துவிடும், வடிக்க ஒன்றும் மிஞ்சாது. சாம்பாரின் சிக்கலும் அதுதான்: காய், பருப்பு, தக்காளி எல்லாவற்றின் பொட்டாசியமும் குழம்பிலேயே நிற்கிறது. ஆவியில் வேகவைப்பதும் மைக்ரோவேவும் உதவாது.

உருளைக்கிழங்கைத் தோலோடு முழுசாக அவித்தால் பெரும்பகுதி உள்ளேயே இருக்கும். மசால் தோசைக்குள் வைக்கும் பல்யா பெரும்பாலும் அப்படி அவித்ததுதான். வீட்டில் தோல் சீவி, சின்னத் துண்டுகளாக்கி, கால் கிலோவுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடித்தால் பாதியளவு குறையும். துருவிக் கொதிக்கவிட்டால் இன்னும் குறையும். வெறும் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போடுவதை நம்பாதீர்கள். வெட்டும், கொதியும், வடித்தலும்தான் வேலை செய்கின்றன.

வடிக்கிற தொல்லை இல்லாத காய்களும் உண்டு. நூறு கிராமுக்குச் சௌசௌவில் 125, பீர்க்கங்காயில் 140, சுரைக்காயில் 150, முட்டைக்கோஸில் 170 மி.கி. ஆனால் முருங்கைக்காயில் 460. பழத்தில் ஆப்பிளும் அன்னாசியும் நூறு கிராமுக்கு 110-ஐ ஒட்டி நிற்க, கொய்யா 400-ஐத் தாண்டும். நூறு கிராம் ராகி மாவில் சுமார் 400 மி.கி. இருக்கிறது; அதே அளவு வெள்ளை அரிசியில் இருப்பதைப்போல மூன்று நான்கு மடங்கு. சர்க்கரைக்கு நல்லது என்று களிக்கு மாறிய கிட்னி நோயாளிகள் இதைக் கவனிப்பதில்லை. பெங்களூர் பசவனகுடியில் கடலைக்காய்ப் பரிஷை என்னும் வேர்க்கடலைத் திருவிழா நாட்களில் மடியில் வைத்துக் கொறிக்கும் வேர்க்கடலையில், நூறு கிராமுக்கு 700 மி.கி. தள்ளுவண்டி இளநீர் ஒன்றில் 300 மில்லி தண்ணீர் இருந்தால் அதுவும் ஏறக்குறைய 700.

சோடியம் குறைத்த உப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு சேர்ப்பார்கள். 30 சதவீதம் சேர்ந்த உப்பு ஒரு நாளில் 5 கிராம் போனால், உப்பிலிருந்து மட்டும் 780 மி.கி. பொட்டாசியம். பிபிக்கு அது நல்லதுதான். 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்தது. ஆனால் கிட்னி கோளாறு உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் விலக்கித்தான் பரிந்துரைத்தது. ஒரே வீட்டில் இரண்டு பேரும் இருந்தால் சாதாரண உப்பை வாங்கிக் குறைவாகப் போடுங்கள். பாக்கெட் உணவில் 508 என்ற எண் தெரிந்தால் அதுவும் பொட்டாசியம் குளோரைடுதான்.

மாத்திரையும் கணக்கில் வரும். டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் பொட்டாசியத்தை ஏற்றும். ஃப்யூரோசமைடு, குளோர்தாலிடோன் இறக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம். உணவை மாற்றும்போது டாக்டரிடம் சொல்லி மறுபடி ரத்தம் பாருங்கள். மலச்சிக்கலையும் விடாதீர்கள். சிறுநீரகம் சோர்ந்தபோது குடல்தான் கொஞ்சம் வெளியேற்றுகிறது. இன்சுலின் போடும் கிட்னி நோயாளிக்குச் சர்க்கரை தாழ்ந்தால் ஆரஞ்சு ஜூஸ் வேண்டாம், குளுக்கோஸ் கொடுங்கள். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு வாரத்தில் ஒருமுறை இரண்டு நாள் இடைவெளி விழுமே, அதன் கடைசிப் பகுதிதான் ஆபத்து. விருந்தை அந்நாளில் வைக்காதீர்கள்.

ரத்தம் எடுக்கும்போது முஷ்டியை இறுக்கி இறுக்கித் திறந்தாலும், குழாயில் சிவப்பணு உடைந்தாலும் எண் பொய்யாக ஏறும். 5.4 போன்ற அளவு எதிர்பாராமல் வந்தால் மறுபரிசோதனை கேட்கலாம். 6-ஐத் தாண்டினால் பொய்யாக இருக்கும் என்று வீட்டில் உட்கார வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுங்கள். கால் துவண்டாலோ துடிப்பு தடுமாறினாலோ ரிப்போர்ட்டுக்குக்கூடக் காத்திருக்கக் கூடாது. எந்த அறிகுறியும் இல்லாமலேயே அது அந்த அளவுக்கு ஏறுவதும் சகஜம்.