இன்கம் டாக்ஸ் டிபார்ட்மெண்ட் ஓசியா குடுக்கறத முதல்ல வாங்கிக்கோங்க, ஆடிட்டர் ஃபீஸ் அப்புறம்

2025 ஜூலைல பெங்களூர்ல காண்டிமெண்ட்ஸ், பேக்கரி, டீக்கடை வச்சிருந்தவங்களுக்கு யுபிஐ கணக்க வச்சு வரிசையா நோட்டீஸ் வந்துச்சு இல்ல, அதுல இருந்து நம்ம ஆளுங்களுக்கு டாக்ஸ்னு சொன்னாலே வயித்த கலக்குது. கியூஆர் ஸ்டிக்கர கிழிச்சு போட்டுட்டு "நோ யுபிஐ, ஒன்லி கேஷ்"னு அட்டைல எழுதி மாட்டினாங்க, தெரிஞ்சவங்க சொன்ன ஏஜெண்ட் கிட்ட ஓடினாங்க, அந்த ஏஜெண்ட் இன்கம் டாக்ஸ் போர்ட்டல்ல லாகின் பண்ணி ஏஐஎஸ்னு (உங்க பேர்ல வந்த போன பணத்தோட வருஷ ஸ்டேட்மெண்ட்) ஒரு பிடிஎஃப் எடுத்து குடுக்கறதுக்கே காசு வாங்கினாரு. அந்த பிடிஎஃப் நம்மளே எடுக்கலாம், அஞ்சு நிமிஷ வேல, அத தான் இங்க சொல்ல போறேன்.

அந்த நோட்டீஸ் ஜிஎஸ்டி விஷயம், அனுப்புனது கர்நாடகா கமர்ஷியல் டாக்ஸ் டிபார்ட்மெண்ட், அதாவது ஸ்டேட். இன்கம் டாக்ஸ் முழுசா சென்ட்ரல். ரெண்டையும் போட்டு குழப்பிக்கிட்டு இன்கம் டாக்ஸ் ஆஃபீஸ் வாசல்ல போய் நின்னா செக்யூரிட்டியே திருப்பி அனுப்பிடுவாரு. ஆனா ரெண்டு இடத்துலயும் ஒரு விஷயம் பொது, உங்களுக்கு எவ்ளோ வருது போகுதுன்னு அவங்க கைல ஏற்கனவே இருக்கு, அதுல பெரும்பாலானத உங்களுக்கும் காட்டறாங்க. அவங்க பாக்கறத நம்மளும் வருஷத்துக்கு ரெண்டு தடவ பாத்துட்டா பாதி நோட்டீஸ் வராது, வந்தாலும் பயம் இருக்காது.

ஏதாவது மெயிலோ எஸ்எம்எஸ்ஸோ வந்துட்டா படிச்சு பதறாம முதல்ல அது ஒரிஜினலான்னு பாருங்க. "உங்க ரீஃபண்ட் அப்ரூவ் ஆயிடுச்சு, இந்த லிங்க்க தட்டுங்க"ன்னு வந்தா அது ஃப்ராடு தான், ரீஃபண்டுக்கு லிங்க் எல்லாம் கிடையாது, நீங்க போர்ட்டல்ல முன்னாடியே சரிபாத்து (ப்ரீ-வேலிடேட்) வச்ச பேங்க் அக்கவுண்டுக்கு அதுவா வந்து விழும். டிபார்ட்மெண்ட் அனுப்பற நோட்டீஸ்ல டிஐஎன்னு (DIN, அந்த டாக்குமெண்டோட அடையாள நம்பர்) ஒரு நம்பர் இருக்கும், 2019 அக்டோபர்ல இருந்து அது கட்டாயம். இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன் போய், லாகின் கூட பண்ண வேணாம், முதல் பக்கத்துல குயிக் லிங்க்ஸ் இருக்கற இடத்துல "ஆதென்டிகேட் நோட்டீஸ்"னு ஒண்ணு இருக்கு, அதுல அந்த நம்பரயும் உங்க மொபைல் நம்பரயும் போட்டா ஓடிபி வரும், அத போட்டா நிஜமா பொய்யான்னு சொல்லிடும். ஜிஎஸ்டி நோட்டீஸ்னா ஜிஎஸ்டி போர்ட்டல்ல "வெரிஃபை ஆர்எஃப்என்"ன்னு (நோட்டீஸ்ல இருக்கற ரெஃபரன்ஸ் நம்பர வச்சு) இதே மாதிரி இருக்கு. வாட்ஸாப்ல பிடிஎஃப் அனுப்பி "சார் உங்க மேல கேஸ் இருக்கு"ன்னு கூப்பிடறவன்கிட்ட முதல்ல இந்த நம்பர கேளுங்க, பாதி பேர் லைன கட் பண்ணிடுவான்.

சரி, இப்ப மெயின் விஷயம், ஏஐஎஸ். இ-ஃபைலிங் போர்ட்டல்ல பான் நம்பர், பாஸ்வேர்ட் போட்டு உள்ள போனீங்கன்னா மேல மெனுவுலயே ஏஐஎஸ்னு இருக்கும், அமுக்கினா வேற ஒரு பேஜ் திறக்கும். 2021 நவம்பர்ல இருந்து இது இருக்கு, ஆனா சம்பளக்காரங்களே பாதி பேர் திறந்து பாத்ததில்ல. சம்பளம், பேங்க் வட்டி, எஃப்டி வட்டி, டிவிடெண்ட், ஷேர் வித்தது, மியூச்சுவல் ஃபண்ட், வீடு வாங்குனது வித்தது, யாராவது டிடிஎஸ் (காசு குடுக்கும்போதே பிடிச்சுக்கற டாக்ஸ்) பிடிச்சது எல்லாம் வரி வரியா வரும், எந்த பேங்க் ரிப்போர்ட் பண்ணுச்சுன்னும் இருக்கும். பிடிஎஃப் டவுன்லோட் பண்ணா பாஸ்வேர்ட் கேக்கும், எல்லாரும் மாட்டற இடம் அது தான், பான் நம்பர சின்ன எழுத்துல அடிச்சு ஸ்பேஸ் விடாம பிறந்த தேதிய எட்டு இலக்கமா சேத்து போடணும். ரிட்டர்ன் ப்ராசஸ் ஆனதும் மெயில்ல வர இன்டிமேஷனுக்கும் இதே பாஸ்வேர்ட் தான்.

அல்சூர்ல தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க தையல் கடை வச்சிருக்காங்க, அவங்க ஏஐஎஸ்ஸ கடை கவுண்டர்லயே போன்ல திறந்து பாத்தோம். எஃப்டி வட்டின்னு 1,80,000 சொச்சம் நிக்குது. "தம்பி, நான் எங்க இவ்ளோ வட்டி வாங்குனேன், என்கிட்ட இருக்கறதே ரெண்டு எஃப்டி தான்"ன்னு அக்கா கத்தறாங்க, பக்கத்துல பட்டன் கட்டிக்கிட்டு இருந்த பொண்ணு பயந்துடுச்சு. கடைசில பாத்தா அவங்க அப்பாவோட பணம், வயசானவருன்னு ஜாயிண்ட்டா போட்டிருக்காங்க, பேங்க்ல முதல் பேரா அக்கா பேர போட்டு அவங்க பான் நம்பர கட்டிட்டாங்க. இது டிபார்ட்மெண்ட் தப்பே இல்ல, பேங்க் என்ன அனுப்புச்சோ அத காட்டுறாங்க.

இந்த மாதிரி இருந்தா அந்த வரிய தட்டினா ஃபீட்பேக் பட்டன் வரும், உள்ள சில ஆப்ஷன் இருக்கு, தகவல் சரி தான், வேற பானுக்கோ வேற வருஷத்துக்கோ சேந்தது, ரெண்டு தடவ வந்திருக்கு, நான் இத பண்ணவே இல்லன்னு. எது உண்மையோ அத போடுங்க, "பண்ணவே இல்ல"ன்னு சும்மா தட்டி விட்டுட்டு தப்பிச்சுக்கலாம்னு நினைக்காதீங்க, அது யார் ரிப்போர்ட் பண்ணாங்களோ அவங்க கிட்ட கன்ஃபர்ம் பண்ண போகும், அவங்க என்ன சொன்னாங்கன்னு உங்க ஏஐஎஸ்லயே தெரியும். அக்கா கேஸ்ல "வேற பான்"னு போட்டு அப்பா பான் நம்பர குடுத்தோம், அதோட விடாம பேங்க்லயும் போய் முதல் பேர மாத்த எழுதி குடுத்தாங்க, இல்லன்னா அடுத்த வருஷமும் இதே கூத்து.

இங்க ஒண்ண மண்டைல ஏத்திக்கணும், யார் சரி பண்ண முடியும்னு தெரியாம அலையறது தான் நம்ம ஆளுங்க படற பெரிய கஷ்டம். கம்பெனி உங்க சம்பளத்துல டிடிஎஸ் பிடிச்சுட்டு கட்டலன்னா, இல்ல கட்டிட்டு டிடிஎஸ் ரிட்டர்ன்ல உங்க பான் நம்பர தப்பா போட்டுட்டா, 26ஏஎஸ்ல (உங்க பேர்ல கட்டின டாக்ஸ காட்டற ஸ்டேட்மெண்ட்) அந்த காசு வராது. அப்ப இன்கம் டாக்ஸ் ஆஃபீசர் கால்ல விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது, கம்பெனி அக்கவுண்ட்ஸ்ல உக்காந்திருக்கறவரு ரிட்டர்ன திருத்தி போட்டா தான் வரும், அதனால எச்ஆருக்கு மெயில் போடுங்க, எழுத்துல இருக்கட்டும். பிடிச்ச டிடிஎஸ் வந்துடுச்சு ஆனா ரிட்டர்ன் ப்ராசஸ் பண்ணும்போது கணக்குல விட்டுட்டாங்கன்னா அது சிபிசி (ரிட்டர்ன் எல்லாம் ப்ராசஸ் பண்ற சென்டர்) வேல, போர்ட்டல்ல சர்வீசஸ் உள்ள ரெக்டிஃபிகேஷன் ரிக்வெஸ்ட் போடணும்.

சிபிசின்னதும் ஞாபகம் வருது, இந்தியா பூரா போடற ரிட்டர்ன் எல்லாம் ப்ராசஸ் ஆகறது நம்ம பெங்களூர்ல, ஓசூர் ரோடு பக்கம் தான். பக்கத்துல தானே இருக்கு நேர்ல போய் கேட்டுட்டு வந்துடலாம்னு கிளம்பாதீங்க, கவுண்டர் எல்லாம் கிடையாது, ஐடிஆர்-வி (ரிட்டர்ன வெரிஃபை பண்ண கையெழுத்து போட்டு அனுப்பறது) பேப்பர் அனுப்பறதா இருந்தாலும் எலெக்ட்ரானிக் சிட்டில குடியிருக்கறவனும் தபால்ல தான் அனுப்பணும். அதுக்கு பதிலா ஆதார் ஓடிபில இ-வெரிஃபை பண்ணிடுங்க, ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள்ள பண்ணணும், அத தாண்டி பண்ணா வெரிஃபை பண்ண நாள் தான் ரிட்டர்ன் போட்ட நாள் கணக்கு, பண்ணவே இல்லன்னா ரிட்டர்னே போடாத மாதிரி, ஃபைல் பண்ணியாச்சுன்னு நிம்மதியா தூங்கிட்டு இத மறந்தவங்க ஏகப்பட்ட பேர்.

அப்புறம் "பெண்டிங் ஆக்ஷன்ஸ்"னு ஒரு மெனு. மாசத்துக்கு ஒரு தடவ எட்டி பாருங்க, ஏன்னா மெயில் ஸ்பாம்ல போயிருந்தாலும் இங்க நிக்கும். டிஃபெக்டிவ் ரிட்டர்ன்னு (ரிட்டர்ன்ல குறை இருக்குன்னு) வந்தா 15 நாள் டைம், பதில் போடலன்னா ரிட்டர்னே போடாத மாதிரி. பழைய டிமாண்ட் (கட்ட வேண்டிய பாக்கி) ஏதாவது காட்டுச்சுன்னா ஒத்துக்கறேன், ஒத்துக்கல, பாதி ஒத்துக்கறேன்னு பதில் சொல்ற இடம் அங்கயே இருக்கு, கட்டியிருந்தா சலான் நம்பர போட்டு அட்டாச் பண்ணுங்க. 2024 பிப்ரவரி பட்ஜெட்ல ரொம்ப பழைய சின்ன டிமாண்ட் எல்லாம், 2009-10 வரைக்கும் உள்ளது 25,000 வரையும் 2010-11ல இருந்து 2014-15 வரைக்கும் உள்ளது 10,000 வரையும், தள்ளுபடின்னு சொன்னாங்க, அதனால அந்த காலத்து டிமாண்ட காட்டி யாராவது செட்டில்மெண்ட் பண்ணி தரேன்னு காசு கேட்டா குடுக்காதீங்க.

ஒரு வருமானத்த நிஜமாவே விட்டுட்டீங்கன்னா ஒளிய வேணாம், அப்டேட்டட் ரிட்டர்ன்னு ஒரு வழி இருக்கு, 2025 பட்ஜெட்டுக்கு அப்புறம் நாலு வருஷம் வரைக்கும் போடலாம். சும்மா இல்ல, கட்ட வேண்டிய டாக்ஸ், வட்டி மேல முதல் வருஷம்னா 25 பர்சென்ட் எக்ஸ்ட்ரா, ரெண்டாவது வருஷம் 50, அப்புறம் 60, 70னு ஏறிக்கிட்டே போகும். ரீஃபண்ட் வாங்கறதுக்கு இத யூஸ் பண்ண முடியாது.

கடைக்காரங்களுக்கு வருவோம். கணக்கு புக் எழுத தெரியாது, பில்லு இல்ல, எப்படி ரிட்டர்ன் போடறதுன்னு கேக்கறவங்களுக்கு தான் ப்ரிசம்ப்டிவ் ஸ்கீம்னு வச்சிருக்காங்க, ஐடிஆர்-4 ஃபாரம். வருஷ வியாபாரம் 2 கோடி வரைக்கும், கேஷ் 5 பர்சென்டுக்கு உள்ள இருந்தா 3 கோடி வரைக்கும் இதுல வரலாம். யுபிஐ, கார்டு, பேங்க்ல வந்ததுக்கு 6 பர்சென்ட், கேஷுக்கு 8 பர்சென்ட் லாபம்னு காட்டினா போதும். யுபிஐல 30 லட்சம், கேஷ்ல 15 லட்சம் வியாபாரம்னு வச்சுக்கோங்க, 1,80,000 ப்ளஸ் 1,20,000, மொத்தம் 3 லட்சம் லாபம், புது டாக்ஸ் ரெஜிம்ல இதுக்கு டாக்ஸே வராது. ஆனா அது குறைஞ்சபட்சம், உண்மைல அதுக்கு மேல லாபம் வந்தா மேல தான் காட்டணும். கவனிச்சீங்களா, யுபிஐக்கு தான் பர்சென்ட் கம்மி, ஸ்டிக்கர கிழிச்சவங்க இன்கம் டாக்ஸ் பக்கம் தனக்கு தானே நஷ்டம் பண்ணிக்கிட்டாங்க.

ஜிஎஸ்டில எல்லாரும் தப்பா புரிஞ்சுக்கறது, வருஷ வியாபாரம் எவ்ளோ தாண்டினா ரெஜிஸ்டர் பண்ணணும்ங்கற அந்த 40 லட்சம் லிமிட். வெறும் பொருள் விக்கற கடைக்கு தான் 40 லட்சம், அதாவது ஒரு நாளைக்கு சுமார் 11,000 வியாபாரம். டீக்கடை, மெஸ், சலூன், தையல் எல்லாம் சர்வீஸ் கணக்கு, அங்க லிமிட் 20 லட்சம், ஒரு நாளைக்கு 5,500 தாண்டினாலே வந்துடும், பெங்களூர்ல ஓரளவு ஓடற டீக்கடைக்கு அது காலைலயே முடிஞ்சுடும். சிட்டி மார்க்கெட்ல உதிரி பூ, காய்கறி மட்டும் விக்கறவங்களுக்கு ஜிஎஸ்டியே இல்லாத பொருள், எவ்ளோ வித்தாலும் ரெஜிஸ்டர் பண்ண வேணாம். பாலும் விக்கறேன், பிஸ்கட்டும் விக்கறேன்னா தான் சிக்கல், லிமிட் பாக்கும்போது பால் காசும் சேரும், டாக்ஸ் மட்டும் பிஸ்கட் மேல.

லிமிட் தாண்டின சின்ன கடைக்காரங்களுக்கு காம்போசிஷன் ஸ்கீம் இருக்கு, ஒன்றரை கோடி வரைக்கும், பொருள் விக்கறவங்களுக்கு 1 பர்சென்ட், ஹோட்டலுக்கு 5 பர்சென்ட், மூணு மாசத்துக்கு ஒரு தடவ கட்டினா போதும், வருஷத்துக்கு ஒரு ரிட்டர்ன். கஸ்டமர் கிட்ட தனியா டாக்ஸ் வாங்க கூடாது, வாங்கற சரக்குக்கு கட்டின டாக்ஸ கழிச்சுக்கற கிரெடிட்டும் கிடையாது. ரெஜிஸ்ட்ரேஷனுக்கு கவர்மெண்ட் ஃபீஸ் ஒத்த பைசா இல்ல, ஏஜெண்ட் கேக்கறது அவரு கூலி. ஒன்றரை கோடிக்கு கீழ இருக்கறவங்களுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் கூட ஜிஎஸ்டி போர்ட்டல நடத்தற ஜிஎஸ்டிஎன் ஓசியா குடுக்குது. ரெகுலர் ஸ்கீம்ல இருந்து ஒரு மாசம் வாங்கலும் இல்ல விக்கலும் இல்லன்னா கம்ப்யூட்டர் கூட வேணாம், ரெஜிஸ்டர் பண்ண மொபைல்ல இருந்து நில் (NIL), ஸ்பேஸ், 3பி (3B), ஸ்பேஸ், ஜிஎஸ்டி நம்பர், ஸ்பேஸ், மாசமும் வருஷமும் அடிச்சு 14409க்கு எஸ்எம்எஸ் போட்டா கோட் வரும், சிஎன்எஃப் (CNF), ஸ்பேஸ், 3பி, ஸ்பேஸ், அந்த கோட்னு அடிச்சு திருப்பி அனுப்பினா 3பி நில் ரிட்டர்ன் முடிஞ்சுது. இங்கிலீஷ் எழுத்துல தான் அடிக்கணும்.

பர்சனல் காசையும் கடை காசையும் ஒரே கியூஆர்ல வாங்காதீங்க. ஊர்ல இருந்து மச்சான் அனுப்புன கைமாத்து, சீட்டு எடுத்த பணம் எல்லாம் வியாபார கணக்குல ஏறிடும், அப்புறம் ஒவ்வொண்ணா இது வியாபாரம் இல்லன்னு நீங்க தான் ப்ரூஃப் காட்டணும், அந்த 2025 நோட்டீஸ்ல நிறைய பேர் அழுதது இதுக்கு தான். கடைக்குன்னு ஒரு தனி கரண்ட் அக்கவுண்ட், அதுக்கு ஒரு ஸ்டிக்கர், அவ்ளோ தான்.

போன் பண்ணி கேக்கணும்னா இ-ஃபைலிங் ஹெல்ப்லைன் 1800 103 0025, ஏஐஎஸ் பத்தின்னா 1800 103 4215, ஜிஎஸ்டிக்கு 1800 103 4786, எல்லாம் டோல் ஃப்ரீ. கூப்பிடறதுக்கு முன்னாடி பான், ரிட்டர்னோட அக்னாலெஜ்மெண்ட் நம்பர், எரர் வந்த ஸ்க்ரீன்ஷாட் ரெடியா வச்சுக்கோங்க, ஓடிபி மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க, நிஜ ஹெல்ப்லைன்ல அத கேக்க மாட்டாங்க. போன்ல வேல ஆகலன்னா போர்ட்டல்ல கிரீவன்ஸ் போடுங்க, எந்த பிரிவுன்னு கேக்கும், ரீஃபண்ட், ரிட்டர்ன் ப்ராசஸ்னா சிபிசி-ஐடிஆர், டிடிஎஸ்னா சிபிசி-டிடிஎஸ், லோக்கல் ஆஃபீசர் சம்பந்தப்பட்டதுன்னா அசெசிங் ஆஃபீசர், இத தப்பா போட்டா நாலு நாள் கழிச்சு "எங்க வேல இல்ல"ன்னு க்ளோஸ் பண்ணிடுவாங்க. நேர்ல பேப்பர் குடுக்கணும்னா உங்க இன்கம் டாக்ஸ் வார்டு எதுன்னு போர்ட்டல்லயே "நோ யுவர் ஏஓ"ல (உங்க அசெசிங் ஆஃபீசர் யாருன்னு காட்டற இடம்) பாத்துட்டு போங்க, குவீன்ஸ் ரோடா கோரமங்களாவான்னு அப்ப தான் தெரியும், ஆயக்கர் சேவா கேந்திரா கவுண்டர்ல குடுத்து உங்க காப்பில சீல் வாங்காம வெளிய வராதீங்க. அதுக்கும் பதில் வரலன்னா சென்ட்ரல் கவர்மெண்ட்டோட சிபிகிராம்ஸ் போர்ட்டல்ல இந்த கிரீவன்ஸ் நம்பரயும் அந்த சீல் வச்ச காப்பியயும் போட்டு இன்னொரு கம்ப்ளெய்ண்ட் குடுங்க.