புது மெக்கானிக்கல் என்ஜினியர் தனக்கென ஒரு குறிப்பு நூலகம் சேர்ப்பது எப்படி?

படிப்பு முடிந்ததும் டிசைன் டேட்டா புக்கை ஜூனியருக்குக் கொடுத்துவிடுவது நம் ஊர் வழக்கம். தயவுசெய்து கொடுக்காதீர்கள். கோயம்புத்தூர் பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியர்கள் தொகுத்த புத்தகம் அது. அண்ணா பல்கலைக்கழகத் தேர்வு ஹாலுக்குள் எடுத்துப்போக அனுமதி உண்டு என்பதால், அதைப் பரீட்சைச் சாமானாகவே பார்த்துப் பழகிவிட்டோம். உலோகங்களின் வலிமை, ஃபிட் (இரண்டு பாகங்கள் எவ்வளவு இறுக்கமாகப் பொருந்தும் என்பது), டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் கூடுதல் குறைவு), பேரிங், கியர், ஸ்பிரிங் என வேலையில் தினமும் தேடுவதில் பாதிக்கு மேல் அதில் இருக்கிறது. எதை எங்கே புரட்ட வேண்டும் என்பதும் உங்கள் கைக்குத் தெரியும். உங்கள் நூலகத்தின் முதல் புத்தகம் அதுதான். பழைய பதிப்பாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: பல அட்டவணைகளில் விசை கிலோகிராமில் இருக்கும். அதை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு பத்து மடங்கு தப்பும்.

படி 1: ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்குங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமானது இந்தப் படிதான். காரணம் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு அலுமினியத் தகட்டில் எம்10 (10 மி.மீ. விட்ட) போல்ட்டுக்கு டேப் போட, அதாவது துளைக்குள் மரை வெட்ட, 9 மி.மீ. துளை என்று ட்ராயிங்கில் எழுதினேன். சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையை எப்போதோ போனில் படமெடுத்து வைத்திருந்தேன். தலைப்பு வரி படத்தில் விழவில்லை. அந்த 9, பிட்ச் (அடுத்தடுத்த மரைகளுக்கு இடையிலான தூரம்) 1 மி.மீ. உள்ள ஃபைன் மரைக்கானது. பட்டறையில் போட்டதோ வழக்கமான 1.5 பிட்ச் டேப். அதற்குத் துளை 8.5 இருந்திருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் மரையின் பிடிமானம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. போல்ட்டை இறுக்கும்போதே மூன்று துளைகளில் மரை உருவிக்கொண்டு வந்துவிட்டது. ஃபிட்டர் அண்ணன் போல்ட்டைச் சுற்றியிருந்த அலுமினியச் சுருளைக் காட்டி, “தம்பி, இந்த 9 எங்க பாத்தீங்க?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்றிலிருந்து எந்த எண்ணை எழுதினாலும் பக்கத்தில் இரண்டு விஷயம் சேர்த்து எழுதுகிறேன்: எதற்குப் பொருந்தும், எங்கே பார்த்தேன். புத்தகம் என்றால் பதிப்பும் பக்கமும். ஆள் சொன்னது என்றால் அவர் பெயரும் தேதியும்.

உதாரணத்துக்கு, இரும்புக் கம்பியின் எடை. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, வர்க்கப்படுத்தி, 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 25 மி.மீ. உருண்டைக் கம்பிக்கு 625 ÷ 162, அதாவது 3.86 கிலோ. நம் ஊர்ப் பட்டறைகளில் எல்லோரும் வாயிலேயே வைத்திருக்கும் கணக்கு இது. ஆனால் அந்த 162 எஃகின் அடர்த்தியிலிருந்து வருவது, கன மீட்டருக்கு 7,850 கிலோ. அலுமினியத்துக்கு அதே கணக்கைப் போட்டால் ஏறக்குறைய மூன்று மடங்கு எடை காட்டும். அதனால் நோட்டில் “எஃகுக்கு மட்டும், உருண்டைக்கு மட்டும்” என்று எழுதி வையுங்கள்.

படி 2: தரநிலைகள்

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டால், பெரும்பாலான இந்தியத் தரநிலைகளை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். இலவசம் என்பதற்காக நூற்றுக்கணக்கில் அள்ளாதீர்கள். ஐஎஸ் 919 (ஃபிட், டாலரன்ஸ்), ஐஎஸ் 4218 (மெட்ரிக் மரை), ஐஎஸ் 1367 (போல்ட், நட்), ஐஎஸ் 2062 (கட்டுமான எஃகு) ஆகிய நான்கும் தொடக்கத்துக்குப் போதும். அப்புறம், உங்கள் ட்ராயிங்கின் குறிப்புகளில் எந்த எண் வருகிறதோ அதை மட்டும் சேருங்கள்.

படி 3: கேட்லாக்

பாடப்புத்தகத்தில் இல்லாத பல விஷயங்கள், பாகங்களைத் தயாரிக்கும் நிறுவனங்களின் கேட்லாக்கில் உண்டு. 6205 பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். உள் விட்டம் 25, வெளி விட்டம் 52, அகலம் 15 என்பது எங்கும் கிடைக்கும். ஷாஃப்ட்டின் தோள் (பேரிங் சாய்ந்து நிற்க விட்டம் பெரிதாகும் படி) மூலையில் எவ்வளவு ரேடியஸ் விடலாம்? கேட்லாக்கைப் பார்த்தால் அதிகபட்சம் 1 மி.மீ. என்று இருக்கும். வலுவாக இருக்கட்டும் என்று 2 மி.மீ. விட்டால் பேரிங் தோளில் போய் உட்காராது, ரேடியஸ் மேலேயே ஏறி நிற்கும். தோளின் உயரம், எந்தச் சுமைக்கு எந்த ஃபிட் என்பதெல்லாமும் அங்கே கிடைக்கும். பேரிங், ஆயில் சீல், ஓ-ரிங், பெல்ட், நியூமேட்டிக் சிலிண்டர் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு நல்ல கேட்லாக் வைத்துக்கொள்ளுங்கள். எஸ்கேஎஃப் போன்ற நிறுவனங்கள் பிடிஎஃப்பாகவே கொடுக்கின்றன.

படி 4: பெரிய புத்தகங்கள்

அவசரமே இல்லை. 1914 முதல் வந்துகொண்டிருக்கும் அமெரிக்காவின் ‘மெஷினரிஸ் ஹேண்ட்புக்’ ஒரு காலத்தில் உங்களுக்குத் தேவைப்படும். அதன் பழைய பதிப்பு சென்னை மூர் மார்க்கெட் மாதிரி இடத்தில் கிடைத்தால் வாங்கலாம். கணக்குகளும் மெஷினிங் விவரங்களும் அவ்வளவாக மாறுவதில்லை. ஆனால் தரநிலைகளைப் பழைய புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள்.

படி 5: அடுக்கி வைப்பது

இறக்கிய அன்றே ஃபைலுக்குப் பெயர் மாற்றுங்கள்: பொருள், தரநிலை எண் அல்லது நிறுவனம், வருடம். “பேரிங்_எஸ்கேஎஃப்_2018” என்றிருந்தால் தேட வேண்டியதே இல்லை. கம்பெனியின் ட்ராயிங்கையோ, கம்பெனி காசு கொடுத்து வாங்கிய தரநிலையையோ உங்கள் சொந்த ஃபோல்டரில் சேர்க்காதீர்கள். அது உங்களுடையது அல்ல.

புதுப் பதிப்பு வந்தால் பழையதை அழிக்காமல் “பழையது” என்ற ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். இருபது, முப்பது வருடப் பழைய ட்ராயிங் ஒன்று மேஜைக்கு வரும், அதில் எஃப்இ 410 என்று எஃகின் பெயர் இருக்கும். இப்போதைய ஐஎஸ் 2062-இல் அந்தப் பெயரையே காணோமே என்று தேடுவீர்கள். பழைய பதிப்பைத் திறந்து வலிமை எண்களைப் புதியதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், இன்றைக்கு இ250 என்று ஆர்டர் போட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.