பெயரில்லாத உறவுக்குப் பெயர் வைப்பது எப்படி?

அக்காவை ஓசூரில் கொடுத்திருக்கிறோம். மச்சானின் தங்கை கணவரை நான் என்ன சொல்லிக் கூப்பிடுவது? போன வருஷக் காதுகுத்தில் எதிரே வந்தவரை “வாங்க… வாங்க” என்று இழுத்தே சமாளித்தேன். சரி, நாமே ஒரு சொல் செய்வோம் என்று உட்கார்ந்தேன்.

1. சொல் ஏற்கெனவே இருக்கிறதா பாருங்கள். மனைவியின் தங்கை கணவர் சகலை, கணவருடைய தம்பியின் மனைவி ஓரகத்தி, மருமகளைப் பெற்றவர் சம்பந்தி. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

2. படம் போடுங்கள். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம். செயலி வேண்டவே வேண்டாம். நான் இறக்கிப் பார்த்தது எல்லாரையும் ‘கசின்’ ஆக்கிவிட்டது. காலண்டர் தாளின் பின்பக்கம் போதும்.

3. முறை பாருங்கள். நான் விழுந்தது இங்கேதான். மச்சான் வீட்டு ஆள்தானே என்று ‘துணைமச்சான்’ என வைத்தேன். பாலக்கோட்டில் பாட்டியிடம் சொன்னதும், “அப்போ அவன் தங்கச்சி உனக்குக் கட்டிக்கிற முறையாடா?” என்றார். வாயடைத்துப் போனேன். நம் உறவுச் சொல்லுக்குள் யாரைக் கட்டலாம், யாரைக் கூடாது என்பதும் அடங்கியிருக்கிறதே! மறுபடி கணக்குப் போட்டேன். மச்சானின் தங்கை எனக்குக் கட்டும் முறை. கட்டும் முறைப் பெண்ணைக் கட்டியவர் எனக்கு அண்ணன் தம்பி முறை, சகலையும் அப்படித்தான். ஆக, வயதில் மூத்த இவர் அண்ணன். அவர் தங்கை எனக்கும் தங்கை.

4. ஒட்டுங்கள். முறைச்சொல் பின்னால், அடையாளம் முன்னால். எந்தை (என் அப்பா), நுந்தை (உன் அப்பா), தந்தை (அவன் அப்பா) என்று பழந்தமிழும் தலையை மட்டும் மாற்றித்தான் யாருடைய அப்பா என்று காட்டியது. தெலுங்கில் சகலையைத் ‘தோடல்லுடு’ என்பார்கள். அந்தத் ‘தோடு’ கூட்டு, துணை. அதைப் பிடித்துத் ‘தோடண்ணன்’ என்றேன். அக்கா மகள், “அவர் காதுல தோடே இல்லையே மாமா” என்றாள். விட்டுவிட்டேன். எங்கள் பெண் புகுந்த வாசலில் பெண் எடுத்தவர், ஆகவே ‘வாசலண்ணன்’.

5. பந்தியில் கூப்பிட்டுப் பாருங்கள். “வாசலண்ணே, ரசம் ஊத்தட்டுமா?” என்றேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சோற்றில் குழி பறித்தார்.

பின்சேர்க்கை: ஒரே ஆளுக்கு இரண்டு முறை வந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். தன் அக்கா மகளையே கட்டியவருக்கு அந்த அக்காவே மாமியார். எங்கள் பக்கம் அவர் கடைசிவரை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார். அங்கே புதுச்சொல் செய்யப் போகாதீர்கள்.